ஒரு வாசல் திராட்சையும் மூன்று வாசல் திராட்சையும்

இந்த மாதப் பாடம்: நாசிக் ஒயின் தொழில் வளர்ந்த கதை



இந்தப் பாடத்தைக் குழுக் கூட்டத்தில் ஒருவர் உரக்கப் படியுங்கள். மற்றவர்கள் கேளுங்கள். நடுவில் ஒரு கணக்கு வரும். அதை நோட்டில் எழுதிப் பாருங்கள். கடைசியில் சில கேள்விகள் இருக்கின்றன. அவற்றைப் பேசி முடித்த பிறகுதான் இந்தப் பாடம் முடிந்ததாக அர்த்தம்.

"ஒயினைப் பத்தி நமக்கு எதுக்கு பாடம்? குடியால நம்ம வீடுகள் படுற பாடு போதாதா?" என்று யாராவது ஒரு அக்கா கேட்பாங்க. நியாயமான கேள்வி. நாம் இங்கே குடிக்கக் கற்றுக்கொள்ளப் போவதில்லை. ஒயின் காய்ச்சவும் கற்றுக்கொள்ளப் போவதில்லை. உரிமம் இல்லாமல் வீட்டில் ஒயின் செய்து விற்பது சட்டப்படி குற்றம். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறோம்.

ஆனால் நம்மைத் தேடி அடிக்கடி ஒரு பேச்சு வருகிறது. "நீங்க பயிரைப் போடுங்க, விளைஞ்சதை எல்லாம் நாங்களே வாங்கிக்கிறோம்" என்று கம்பெனிக்காரர்கள் வருகிறார்கள். மருந்துக்கூர்க்கன் போடச் சொல்வார்கள், ஊறுகாய் வெள்ளரி போடச் சொல்வார்கள், கோழி வளர்க்கச் சொல்வார்கள். அதற்குக் குழுவில் கடன் கேட்டு மனு வரும். கொடுக்கலாமா, வேண்டாமா என்று நாம்தான் முடிவு செய்ய வேண்டும். நாசிக் விவசாயிகள் இதே கேள்வியை நமக்கு முன்பே சந்தித்தவர்கள். அவர்கள் பட்ட அனுபவம் நமக்குப் பாடம்.

நாசிக் எங்கே இருக்கிறது?

மகாராஷ்டிரா மாநிலத்தில், கோதாவரி ஆறு உற்பத்தியாகும் மாவட்டம் நாசிக். கடல் மட்டத்திலிருந்து சுமார் 2000 அடி உயரம். குளிர்காலத்தில் பகலில் நல்ல வெயில் அடிக்கும், ராத்திரி நடுங்கவைக்கும் குளிர் இருக்கும். பகல் வெயிலில் பழத்தில் சர்க்கரை ஏறும். ராத்திரிக் குளிரில் புளிப்பும் மணமும் கெடாமல் நிற்கும். திராட்சைக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

நம் நாட்டில் விளையும் திராட்சையில் பாதிக்கு மேல் மகாராஷ்டிராவில்தான் விளைகிறது. அங்கே வருஷத்துக்கு இரண்டு தடவை கவாத்து செய்வார்கள். ஏப்ரலில் ஒரு கவாத்து. அது கொடியைத் தயார் செய்ய. அக்டோபரில் இன்னொரு கவாத்து. அது காய் பிடிக்க. ஜனவரியிலிருந்து மார்ச், ஏப்ரல் வரை அறுவடை. இரண்டு கவாத்து, ஒரே மகசூல். நம் ஊர்ப் பந்தல்களில் இரண்டு கவாத்துக்கு இரண்டு மகசூல் எடுக்கிறோம். நம் குளிர்காலத்தில் அவ்வளவு குளிர் இல்லை, கொடி ஓய்வெடுப்பதில்லை. அதனால் இது முடிகிறது.

சாப்பிடும் ரகம் வேறு, ஒயின் ரகம் வேறு

நாசிக்கில் முதலில் இருந்தது எல்லாம் சாப்பிடும் திராட்சைதான். தாம்சன் சீட்லெஸ் என்ற விதையில்லாத பச்சைத் திராட்சை நமக்கும் தெரிந்தது. அதிலிருந்து விவசாயிகள் தங்கள் தோட்டத்திலேயே வித்தியாசமாகக் காய்த்த கொடிகளைக் கண்டுபிடித்துப் பெருக்கினார்கள். சாங்கிலி மாவட்டம் தாஸ்கான் பக்கம் கிடைத்தது 'தாஸ்-ஏ-கணேஷ்'. சோலாப்பூர் மாவட்டத்தில் கிடைத்தது நீளக் காயான 'சோனாகா'. ஆராய்ச்சி நிலையத்தில் உருவாகாமல் தோட்டத்துக் கண்களுக்குத் தட்டுப்பட்ட ரகங்கள் இவை. பந்தலில் ஒரு கொடி மட்டும் வேறு மாதிரி காய்த்தால் அதை வெட்டிப் போடாமல் உற்றுப் பார்த்ததால் கிடைத்த சொத்து.

ஒயின் ரகங்கள் பிரான்ஸ் முதலிய நாடுகளிலிருந்து வந்தவை. வெள்ளை ஒயினுக்கு செனின் பிளாங், சாவின்யோன் பிளாங். சிவப்பு ஒயினுக்கு ஷிராஸ், காபர்னே சாவின்யோன், ஜின்ஃபான்டெல். பெயர் வாயில் நுழையாவிட்டால் பரவாயில்லை. வித்தியாசம் தெரிந்தால் போதும்.

சாப்பிடும் திராட்சை பெரிசாக இருக்கும். தோல் மெல்லிசு. பெரும்பாலும் விதை இருக்காது. ஒயின் திராட்சை சின்னதாக, சுண்டைக்காய் அளவுக்கு இருக்கும். தோல் தடிமன். விதை உண்டு. ஆனால் இனிப்பு அதிகம். சாப்பிடும் பழத்தில் நூற்றுக்கு 18 பங்கு சர்க்கரை இருந்தாலே நல்ல பழம். ஒயின் பழத்தில் 22 முதல் 24 பங்கு வரை ஏறவிட்டுத்தான் பறிப்பார்கள்.

ஏன் அவ்வளவு சர்க்கரை? சாற்றில் உள்ள சர்க்கரையை ஈஸ்ட் என்ற நுண்ணுயிர் தின்று சாராயச் சத்தாகவும் கரியமில வாயுவாகவும் மாற்றுகிறது. இட்லி மாவு பொங்குவதும் இதே மாதிரி நுண்ணுயிர் வேலைதான். சர்க்கரையில் பாதிக்குச் சற்று மேல் சாராயச் சத்தாக மாறும். 22 பங்கு சர்க்கரை இருந்தால் சுமார் 12 பங்கு. பழத்தைப் பிழிந்து தோலை நீக்கிப் புளிக்க வைத்தால் வெள்ளை ஒயின். கறுப்புத் திராட்சையைத் தோலோடு புளிக்க வைத்தால் சிவப்பு ஒயின். நிறம் தோலில்தான் இருக்கிறது. 750 மில்லி பாட்டில் ஒன்றுக்கு ஒரு கிலோவுக்குச் சற்று மேல் பழம் வேண்டும்.

இரண்டு வகைக் கொடியையும் அங்கே பெரும்பாலும் நேராக மண்ணில் நடுவதில்லை. டாக்ரிட்ஜ் என்ற காட்டுத் திராட்சையை வேர்ச்செடியாக நட்டு, அதன் மேல் வேண்டிய ரகத்தை ஒட்டுக்கட்டுகிறார்கள். வறட்சியையும் உப்புத் தண்ணீரையும் அந்த வேர் தாங்கும்.

தொழில் எப்படி வளர்ந்தது?

மகாராஷ்டிராவில் ஒயின் தொழில் 1980களிலேயே புனே மாவட்டம் நாராயண்கான் பக்கம் தொடங்கிவிட்டது. நாசிக்கில் அதைப் பெரிதாகத் தொடங்கியவர் ராஜீவ் சமந்த். அமெரிக்காவில் படித்து அங்கேயே கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்த்தவர். 1990களில் ஊர் திரும்பி, குடும்ப நிலத்தில் மாம்பழம், ரோஜா என்று பலதும் பயிர் செய்து பார்த்தார். இந்த மண்ணும் குளிரும் ஒயின் திராட்சைக்கு ஏற்றது என்று தோன்ற, கலிபோர்னியாவிலிருந்து கெர்ரி டாம்ஸ்கி என்ற ஒயின் நிபுணரின் துணையோடு 1997ல் ஒயின் ரகங்களை நட்டார். 2000ல் 'சுலா' என்ற பெயரில் முதல் ஒயின் விற்பனைக்கு வந்தது.

அடுத்து அரசு வந்தது. 2001ல் மகாராஷ்டிரா அரசு திராட்சை பதப்படுத்தும் தொழிலுக்கென்று தனிக் கொள்கை அறிவித்தது. மாநிலத்தில் விளைந்த திராட்சையில் செய்யும் ஒயினுக்கு வரிச்சலுகை கொடுத்தது. நாசிக் மாவட்டம் விஞ்சூரிலும், சாங்கிலி மாவட்டம் பலூசிலும் ஒயின் பூங்காக்கள் அமைத்தது. சில வருஷங்களிலேயே ஆலைகள் அடுத்தடுத்து முளைத்தன. விவசாயிகளே சேர்ந்து தொடங்கிய ஆலைகளும் உண்டு.

ஆலைக்குப் பழம் வேண்டுமே! அதனால் விவசாயிகளோடு ஒப்பந்தம் போட்டார்கள். சில ஆலைகள் பத்து வருஷத்துக்குக்கூட ஒப்பந்தம் போட்டன. சர்க்கரை அளவைப் பார்த்து விலை. கண்ணுக்கு நல்லாத்தான் தெரிந்தது.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம்

இந்தக் கணக்கில் உள்ள ரூபாய் எல்லாம் புரிவதற்காக நாமே போட்டுக்கொண்டவை. நிஜ விலை வருஷத்துக்கு வருஷம் மாறும்.

சாப்பிடும் திராட்சை, ஒரு ஏக்கர்: 10 டன் மகசூல். கிலோ 30 ரூபாய். வரவு 3,00,000 ரூபாய். செலவு 2,00,000 ரூபாய். மிச்சம் 1,00,000 ரூபாய்.

ஒயின் திராட்சை, ஒரு ஏக்கர்: 5 டன் மகசூல். கிலோ 55 ரூபாய். வரவு 2,75,000 ரூபாய். செலவு 1,30,000 ரூபாய். மிச்சம் 1,45,000 ரூபாய்.

ஒயின் பழத்தில் மகசூலை வேண்டுமென்றே குறைத்து வைப்பார்கள். கொடியில் கொத்து குறைந்தால்தான் சர்க்கரை கூடும். செலவு குறைவதற்கும் காரணம் உண்டு. சாப்பிடும் பழத்தைப் பெரிதாக்க, கொத்துக்கொத்தாக மருந்துத் தண்ணீரில் முக்கி எடுக்க வேண்டும். நெருக்கமான காய்களைக் கத்தரித்து விட வேண்டும். இதெல்லாம் ஒயின் பழத்துக்குத் தேவையில்லை.

இங்கே கொஞ்சம் நில்லுங்கள். கொத்து முக்குவதும் காய் கழிப்பதும் பெரும்பாலும் பெண்கள் செய்யும் வேலை. நாசிக் தோட்டங்களுக்குச் சுற்றியுள்ள பழங்குடி வட்டாரங்களிலிருந்து பெண்களும் ஆண்களும் கூலிக்கு வருகிறார்கள். 'செலவு குறைவு' என்று கணக்கில் எழுதினோமே, அதில் ஒரு பங்கு அந்தப் பெண்களுக்குக் கிடைக்காமல் போன கூலி. ஒரு பயிர் வருகிறது என்றால் நிலக்காரருக்கு என்ன மிச்சம் என்று மட்டும் பார்க்கக்கூடாது. கூலிக்குப் போகிறவர்களுக்கு எத்தனை நாள் வேலை என்றும் கேட்க வேண்டும். நம் குழுக்களில் இரண்டு பேரும் இருக்கிறோம்.

இப்போது கணக்கை மாற்றிப் போடுவோம். அந்த வருஷம் விலை விழுந்துவிட்டது. சாப்பிடும் திராட்சை கிலோ 15 ரூபாய். வரவு 1,50,000 ரூபாய். செலவு 2,00,000 ரூபாய். நஷ்டம் 50,000 ரூபாய். வலிக்கும், ஆனால் எழுந்துவிடலாம்.

ஒயின் திராட்சையை ஆலை வாங்கவே இல்லை. வரவு பூஜ்ஜியம். செலவு 1,30,000 ரூபாய். அத்தனையும் நஷ்டம்.

அப்படியும் நடக்குமா? நடந்தது.

2008ல் வந்த சோதனை

2008ல் உலகம் முழுக்கப் பொருளாதாரச் சரிவு. அந்த வருஷம் நவம்பரில் மும்பையில் பயங்கரவாதத் தாக்குதல். சுற்றுலாக்காரர்கள் வரத்து குறைந்தது. ஹோட்டல்கள் காலியாகக் கிடந்தன. நம் நாட்டில் ஒயினை வாங்குவதே பெரும்பாலும் ஹோட்டலும் பெரிய நகரமும்தான். விற்காத ஒயின் ஆலைத் தொட்டிகளில் தேங்கியது. தொட்டி நிறைந்திருக்கும்போது புதுப் பழத்தை எங்கே ஊற்றுவது? சில ஆலைகள் கொள்முதலைக் குறைத்தன. சில ஆலைகள் நின்றே போயின. வாங்கிய பழத்துக்குப் பணம் வர இழுத்தது.

விவசாயி அந்தப் பழத்தைச் சந்தைக்குக் கொண்டு போக முடியுமா? சுண்டைக்காய் அளவுப் பழம், தடித்த தோல், உள்ளே விதை. யார் வாங்குவார்? காயவைத்து உலர்திராட்சையாக்கலாம் என்றால் விதை இருக்கிறது. கொடிக்கு மூன்று வருஷம் உழைப்பும் கடனும் போட்டு, பலன் எடுக்கத் தொடங்கிய நேரத்தில் பலர் கொடியை வேரோடு பிடுங்கினார்கள். சிலர் அதே வேரில் சாப்பிடும் ரகத்தை ஒட்டுக்கட்டினார்கள்.

இதில் மோசடி என்று எதுவும் இல்லை என்பதைக் கவனியுங்கள். 2012ல் ஈரோடு மாவட்டத்தில் ஈமு கோழி விவகாரம் வெடித்ததே, அங்கே ஆசை காட்டிப் பணத்தை வாங்கி ஏமாற்றினார்கள். நாசிக்கில் ஆலைக்காரர்களும் முதல் போட்டு நஷ்டப்பட்டார்கள். மண் நல்ல மண். பழம் நல்ல பழம். ஒப்பந்தமும் இருந்தது. அப்புறமும் விழுந்தது. ஏன்?

வாசல் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அது மூடிக்கொண்டது.

மூன்று வாசல் திராட்சை

தாம்சன் சீட்லெஸ் பழத்துக்கு வாசல் மூன்று. பச்சையாகச் சந்தையில் விற்கலாம். விலை விழுந்தால் காயவைத்து உலர்திராட்சையாக்கி வைக்கலாம். சாங்கிலி, தாஸ்கான் பக்கம் உலர்திராட்சைக்கென்றே பெரிய சந்தை இருக்கிறது. அதுவும் இல்லையென்றால் சாறு பிழிய ஆலைக்குக் கொடுக்கலாம். ஒரு வாசல் மூடினால் இன்னொன்று.

அதற்காக மூன்று வாசல் பயிரில் கஷ்டமே இல்லை என்று நினைக்க வேண்டாம். 2010ல் நாசிக்கிலிருந்து ஐரோப்பாவுக்குப் போன சாப்பிடும் திராட்சையில் வளர்ச்சியைக் கட்டுப்படுத்தும் ஒரு மருந்தின் மிச்சம் இருந்தது என்று திருப்பிவிட்டார்கள். ஏற்றுமதி செய்தவர்களுக்குப் பெரிய அடி. ஆனால் அங்குள்ள விவசாயிகள் தனித்தனியாக நிற்காமல் சேர்ந்து நிற்கப் பழகியிருந்தார்கள். 1991லேயே பல கூட்டுறவுச் சங்கங்கள் ஒன்றாகி 'மஹாகிரேப்ஸ்' என்ற அமைப்பைத் தொடங்கின. ஆரம்பத்தில் அனுப்பிய சரக்கு சில திரும்பி வந்தது. அவர்கள் மனம் தளரவில்லை. பறித்த பழத்தை உடனே குளிரூட்டும் அறைகள் கட்டினார்கள், தரம் பார்க்கக் கற்றார்கள். பிறகு 2010 வாக்கில் நாசிக் மாவட்டம் திண்டோரி வட்டாரத்தில் விலாஸ் ஷிண்டே என்ற விவசாயி முன்னின்று 'சஹ்யாத்ரி' உழவர் உற்பத்தியாளர் கம்பெனி உருவானது. திராட்சையில் தொடங்கி, தக்காளி பதப்படுத்துவது வரை வளர்ந்தது. கூட்டமைப்பின் பலம் என்ன என்று நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஒயின் தொழிலும் செத்துப்போகவில்லை. தாக்குப்பிடித்த ஆலைகள் ஒயின் விற்பதோடு தோட்டத்தைச் சுற்றிப் பார்க்க ஆட்களை வரவழைத்தன. தங்கும் விடுதி, சாப்பாட்டுக் கடை, அறுவடை விழா என்று வருமானத்துக்குப் புது வாசல்களைத் திறந்தன. 'நாசிக் பள்ளத்தாக்கு ஒயின்' என்று புவிசார் குறியீடும் வாங்கினார்கள். சுலா கம்பெனி 2022 டிசம்பரில் பங்குச் சந்தைக்கு வந்தது. ஆலையும் பிழைத்தது பல வாசல் திறந்ததால்தான்.

நம்ம கம்பம் பன்னீர் திராட்சை

இதைப் படிக்கும் தேனி மாவட்ட உறுப்பினர்கள் இந்நேரம் சிரித்திருப்பார்கள். கம்பம் பள்ளத்தாக்கில் விளையும் பன்னீர் திராட்சையின் ரகப் பெயர் மஸ்கட் ஹாம்பர்க். நம் ஊருக்கு இதைப் பிரெஞ்சுப் பாதிரியார் ஒருவர் கொண்டுவந்தார் என்று சொல்வார்கள். 2023ல் 'கம்பம் பன்னீர் திராட்சை' என்று புவிசார் குறியீடு கிடைத்தது. ஆனைமலையான்பட்டியில் திராட்சைக்கென்று வேளாண் பல்கலைக்கழக ஆராய்ச்சி நிலையமும் இருக்கிறது.

இந்தப் பழத்துக்கு விதை உண்டு, தோலும் கொஞ்சம் தடிமன். ஆனால் மணம் இருக்கிறது. சாப்பிடலாம், சாறு பிழியலாம், ஜாம் செய்யலாம். வெளிநாட்டில் இதே ரகத்தில் ஒயினும் செய்கிறார்கள். விதை இருந்தும் பல வாசல் உள்ள ரகம். நாசிக்கில் வெளிநாட்டு ரகத்தைத் தேடி நட்டார்கள். நம்மிடம் ஏற்கெனவே பல வாசல் ரகம் இருக்கிறது. சந்தையில் விலை விழும் நாளில் கூடையைக் கொட்டிவிட்டு வருவதா, சாறாகவும் ஜாமாகவும் மாற்றுவதா என்பது நம் கையில். அதற்கு உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு வேண்டும், சுத்தமான இடம் வேண்டும், பயிற்சி வேண்டும். தனியாக ஒருவரால் முடியாதது குழுவாக முடியும்.

கடன் கொடுக்கும் முன் கேட்க வேண்டிய ஏழு கேள்விகள்

யாராவது ஒப்பந்தப் பயிர் என்று வந்தால், தீர்மானம் எழுதும் முன் இவற்றைக் கேளுங்கள்.

1. இந்த விளைபொருளைக் கம்பெனி வாங்காவிட்டால் பக்கத்துச் சந்தையில் யாராவது வாங்குவார்களா? நாமே வீட்டில் சாப்பிட முடியுமா?

2. காயவைத்தோ பதப்படுத்தியோ சில மாதம் வைத்திருக்க முடியுமா?

3. முதல் வருமானம் வர எத்தனை மாதம்? அதுவரை தவணை எதிலிருந்து கட்டுவோம்?

4. விலை ஒப்பந்தத்தில் எழுதியிருக்கிறதா? தரம் இல்லை என்று கழித்தால் யார் முன்னிலையில் சோதிப்பார்கள்?

5. கம்பெனி யாருக்கு விற்கிறது? அவர்களுக்கு வாங்குபவர் நின்றுபோனால் நம் கதி என்ன?

6. நிலம் முழுவதும் இதே பயிரா, ஒரு பகுதி மட்டுமா?

7. பெண்களுக்கு வேலை நாள் கூடுமா, குறையுமா? பணம் யார் பெயரில் உள்ள கணக்குக்கு வரும்?

தமிழ்நாட்டில் 2019ல் ஒப்பந்தப் பண்ணையத்துக்கென்று தனிச் சட்டம் இயற்றப்பட்டது. ஒப்பந்தத்தை எழுத்தில் போட்டு, அதற்குரிய அதிகாரியிடம் பதிவு செய்ய வேண்டும் என்கிறது அது. வாய்ப்பேச்சை நம்பாமல் வேளாண் வணிகத் துறை அலுவலகத்தில் விசாரியுங்கள். கையெழுத்துப் போடும் முன் தாளைக் குழுவில் படித்துக் காட்டுங்கள். படிக்கத் தெரிந்த பிள்ளை ஒன்று போதும்.

ஆனால் ஒன்றை மறக்க வேண்டாம். நாசிக்கில் ஒப்பந்தத் தாள் இருந்தது. ஆலையே மூடிய பிறகு அந்தத் தாளால் பழத்தை விற்றுத் தர முடியவில்லை. தாள் அவசியம். அதோடு இன்னொரு வாசலும் அவசியம்.

கூட்டத்தில் பேச

அ. நம் குழுவில் கடன் வாங்கிச் செய்யும் தொழில்களைப் பட்டியல் போடுங்கள். ஒவ்வொன்றுக்கும் எத்தனை வாசல் என்று எதிரே எழுதுங்கள்.

ஆ. ஒரே வாசல் உள்ள தொழில் செய்யும் உறுப்பினருக்கு இரண்டாவது வாசல் திறக்கக் குழு என்ன உதவி செய்யலாம்?

இ. நம் ஊர்த் தோட்டத்தில் வித்தியாசமாகக் காய்க்கும் கொடியோ, மரமோ, செடியோ யாராவது பார்த்திருக்கிறீர்களா? அதன் விதையோ குச்சியோ பத்திரமாக இருக்கிறதா?

பேசியதை நடவடிக்கைப் புத்தகத்தில் எழுதி வையுங்கள். அடுத்த முறை கடன் மனு வரும்போது அந்தப் பக்கத்தைத் திறந்து பாருங்கள். "எத்தனை வாசல்?" என்ற ஒரு கேள்வியை நம் குழுவில் யாராவது ஒருவர் எழுந்து கேட்டாலே போதும், இந்தப் பாடத்தின் பலன் நமக்குக் கிடைத்துவிட்டது.